ஐந்தில் ஒன்று

"அம்மை, எனக்கு மட்டும் ஏன் ஐந்தில் ஒன்று?"

கேட்டது வசுமதி டீச்சர். வயது ஐம்பத்து நான்கு. கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.

கட்டிலில் கிடந்த உமையம்மைக்கு வயது ஐம்பத்தொன்று. குருவைவிடச் சிஷ்யை மூன்று வருடம் மூத்தவள். ஞானத்திடம் பிறந்த தேதி கேட்கிற வழக்கம் இல்லை என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அம்மை டம்ளரைப் பார்த்தார். வசுமதியைப் பார்த்தார்.

"போதும்," என்றார்.

இரண்டு மடக்குதான் இறங்கியிருந்தது.

*

எருக்கம்பாறை அடிவாரத்தில் மூன்று அறை, ஒரு கிணறு, ஒரு மாட்டுக்கொட்டகை. அதுதான் ஆசிரமம். அம்மையோடு சேர்த்து நான்கு பெண்கள். மாடு இரண்டு.

தை மாதத்தில் ஒரு காலை, பூப்பறிக்கக் கையைத் தூக்கிய அம்மை அப்படியே சரிந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் கூடவே போயிற்று. மிஞ்சியவை மூன்று சொற்கள். "ம்." "சரி." "போதும்."

முன்பு மட்டும் என்ன, மழையாகப் பொழிந்தவரா?

மூன்று வருடத்துக்கு முன்னால் வசுமதி பெட்டியும் கையுமாக வந்து நின்று, "அம்மை, ஞானம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள்.

"அடுப்பிலே பால் பொங்குது, பார்," என்றார் அம்மை.

அதற்குள் பெரிய தத்துவம் இருக்கும் என்று வசுமதி கண்ணை மூடி யோசித்தாள். பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோயிற்று.

இப்போது ஞானம் தேடி வந்தவளுக்குக் கிடைத்திருப்பது மத்தியான முறை. பதினொரு மணியிலிருந்து நான்கு மணி வரை. புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். முதுகைத் துடைத்துப் பவுடர் போட வேண்டும். கஞ்சி ஊட்ட வேண்டும். நனைந்த துணியை உருவி உலர்ந்ததை விரிக்க வேண்டும். ஞானிக்கும் படுக்கைப்புண் வரும். அதை எந்தப் பதிகத்திலும் எழுதிவைக்கவில்லை.

காலை முறை செங்கமலத்துக்கு. முப்பது வயது, பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்றவள், தேக்கு மரம் மாதிரி உடம்பு.

சாயங்கால முறை அங்கம்மாவுக்கு. எழுபதை நெருங்கியவள். தன் இடுப்பையே இரண்டு கையால் பிடித்துக்கொண்டு நடப்பவள்.

*

திங்கட்கிழமை நர்ஸ் பியூலா ஸ்கூட்டியில் வந்தாள். அம்மையின் புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினாள். விட்டாள். தோல் கூடாரம் போட்டது போல அப்படியே நின்றது.

"பாத்தீங்களா? தண்ணி பத்தலை."

"விழுங்க முடியலையோ என்னமோ," என்றாள் வசுமதி.

"விழுங்கறதெல்லாம் நல்லா விழுங்கறாங்க. குடிக்கத்தான் மாட்டேங்கறாங்க. ஒரு நாளைக்கு ஒன்றரை சொம்பாவது இறங்கணும். வெள்ளிக்கிழமை வருவேன். இறங்கலைன்னா பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கு வழியா குழாய் போட்டுர வேண்டியதுதான்."

"போட்டா எப்ப திரும்பி வருவாங்க?" என்று அங்கம்மா கேட்டாள்.

நர்ஸ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"எவ்வளவு குடிக்கறாங்கன்னு எழுதி வைங்க," என்றாள்.

எழுத நன்றாகத் தெரிந்தவள் வசுமதி ஒருத்திதான். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் கரித்துண்டால் எழுதினாள். முறைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கட்டிலருகே நிரப்பி வைப்பார்கள். செங்கமலம் கிண்ணத்தால் கொடுப்பாள். சொம்புக்கு நான்கு கிண்ணம்; மூன்று இறங்கும். வசுமதி 3 என்று எழுதி, கோடு போட்டு, கீழே 4 என்று எழுதுவாள். அங்கம்மாவிடம் ஒரு பித்தளை லோட்டா. சொம்புக்கு இரண்டு, ஒன்று இறங்கும். 1, கோடு, 2.

வசுமதி கொடுப்பது டம்ளரால். சொம்புக்கு ஐந்து டம்ளர். ஐந்து மணி நேரத்தில் மூக்கால் அழுது ஒன்று இறங்கும்.

1, கோடு, 5.

மூன்று நாளும் அச்சு மாறாமல் அதே எண்கள்.

இது நாலாங்கிளாஸ் கணக்கு. கன்னியர் மடத்துப் பள்ளியில் இருபத்திரண்டு வருடம் அவள் நடத்தியது இதைத்தான்.

"இரண்டில் ஒன்று பெரிதா, ஐந்தில் ஒன்று பெரிதா?"

"ஐந்தில் ஒன்று, டீச்சர்!"

"முட்டி போடு."

வருடா வருடம் புதுப் பிள்ளைகள். அதே கேள்வி, அதே பதில், அதே முட்டி. கடைசியில் தேய்ந்துபோனது என்னவோ அவளுடைய முட்டிதான்.

இறங்கு வரிசையில் எழுதுக என்று இப்போது யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்காமலே மனசு எழுதிவிட்டது. முதலில் செங்கமலம். அடுத்தது அங்கம்மா. கடைசி, வசுமதி.

அதனால்தான் புதன்கிழமை மத்தியானம் கேட்டேவிட்டாள். ஒரு கேள்வியோடு நிறுத்தவும் இல்லை.

"செங்கமலம் தியானத்திலே குறட்டை விடறா. அவ கையால நாலிலே மூணு."

"ம்."

"அங்கம்மாக்கா உங்க முகத்திலேயே தும்மறாங்க. அவங்க கையால பாதி."

"ம்."

"நான் என்ன குறை வச்சேன்? தண்ணியைக் கொதிக்கவச்சு, ஆறவச்சு, வடிகட்டிக் கொண்டுவரேன். மணி பிசகினதில்லை. துணி மாத்தறப்ப ஒரு நாள் முகம் சுளிச்சிருக்கேனா? ஒரு சொல் சொல்லியிருக்கேனா?"

அம்மை கண்ணை மூடிக்கொண்டார்.

"பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. திருச்சியிலே என் தங்கை வா வான்னு கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கா. போயிடறேன்."

"சரி," என்றார் அம்மை.

வசுமதிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எதுக்குச் சரி?"

"ம்."

இவ்வளவுதான். மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி இன்னொரு மனுஷியை எவ்வளவு வதைக்கலாமோ அவ்வளவும் வதைத்தாகிவிட்டது.

*

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வசுமதி முறைக்கு வந்தாள். கட்டிலருகே சொம்பு தளும்பத் தளும்ப நின்றது. கிண்ணம் காய்ந்து கிடந்தது.

செங்கமலத்தைக் காணவில்லை.

மாட்டுக்கொட்டகையில் இருந்தாள். மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். மாடு அது பாட்டுக்கு அசை போட்டது. பக்கத்தில் சாணிக்கூடையோடு அங்கம்மா.

"என்ன ஆச்சு? அம்மை வாந்தி எடுத்தாங்களா?"

"இல்ல டீச்சர்."

"பின்னே? சொம்பு அப்படியே இருக்கு. காலையிலேர்ந்து ஒரு சொட்டு இறங்கலையா?"

"நான் குடுக்கல."

"ஏன்?"

"என் கைக்கு ராசி இல்ல டீச்சர்."

"அழுவாத புள்ள," என்றாள் அங்கம்மா. "கைராசி என்ன கடையிலயா விக்குது? அது பொறக்குறப்பவே வரணும்."

"என்ன உளறல் இது ரெண்டு பேருக்கும்?"

"உளறலா? செவுத்துல நீங்கதானே டீச்சரம்மா எழுதி வச்சிருக்கீங்க?"

அங்கம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மூவரும் அம்மையின் அறைக்கு வந்தார்கள். அங்கம்மா சாணிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மோவாயால் சுவரைக் காட்டினாள்.

"இந்தா, இவ. மூணு ஊத்துறா. கோடு. கீழ நாலு. மூணு ஊத்தி நாலுதான் ஆவுது. பாவம், ஒண்ணுதான் கூடுது. எனக்கு, ஒண்ணு ஊத்துனா ரெண்டாவுது. என்னமோ, எங்கைக்கு அது போதும்."

அவள் குரல் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் நிற்பவள் குரல் மாதிரி இறங்கிற்று.

"நீங்க ஒண்ணுதான் ஊத்துறீங்க. அஞ்சாவுது."

வசுமதிக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. 

"கீழே இருக்கறதை யாரு அப்படிப் படிக்கச் சொன்னா?"

"கோடு போட்டா கீழ வர்றதுதானே டீச்சர் மொத்தம்?" என்றாள் செங்கமலம், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "பூக்கடையில அப்படித்தான் போடுவாங்க."

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ தப்பு விடைகளைப் பார்த்தவள் வசுமதி. வரிசையை இவ்வளவு சுத்தமாகத் தலைகீழாக்கிய விடையை இப்போதுதான் பார்க்கிறாள். இந்தக் கணக்கில் செங்கமலம் கடைசி. அங்கம்மா நடுவில். வசுமதி முதல்.

அங்கம்மா கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். வசுமதியின் வலது கையை எடுத்தாள். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

"இனிமே மூணு வேளையும் நீங்களே குடுங்க டீச்சரம்மா. எங்க தண்ணி அம்மை வயித்துல எடத்தைத்தான் அடைக்குது."

வசுமதி வாயைத் திறந்தாள்.

ஒரு வாக்கியம் போதும். 'அட அசடுகளா, தலைகீழாகப் படித்திருக்கிறீர்கள்.' அதைச் சொன்னால் அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். 'நான்தான் கடைசி.'

அங்கம்மாவின் கண் ஈரம் இன்னும் விரலில் இருந்தது. இந்தக் கையைப் பார்த்துப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். கட்டினவன் இருந்தவரை சட்டைப் பொத்தான் தைக்க இந்தக் கையைத் தேடியிருக்கிறான். கண்ணில் யாரும் ஒற்றிக்கொண்டதில்லை.

இன்னொரு நினைப்பும் வந்தது. ஓட்டு இடுக்கில் பூரான் நுழைகிற மாதிரி, சத்தமில்லாமல் வந்தது.

இவர்கள் இரண்டு பேரும் ஒதுங்கினால் அம்மைக்குத் தாகம் எடுக்கும். தாகம் எடுத்தால் என் கையால் குடித்துத்தானே ஆகவேண்டும்?

வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் திறந்தாள்.

"சரி," என்றாள்.

கட்டிலில் அம்மை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

பதினொன்றரைக்கு இரண்டு மடக்கு. "போதும்."

ஒரு மணிக்குக் கஞ்சி. கஞ்சிக்குப் பின் ஒரு மடக்கு. "போதும்."

இரண்டு மணிக்குத் துணி மாற்றினாள். அதிகம் நனைந்திருக்கவில்லை. உள்ளே போனால்தானே வெளியே வருவதற்கு?

மூன்று மணிக்கு டம்ளரை உதட்டருகே கொண்டுபோனபோதே, "போதும்."

"இன்னும் குடிக்கவே இல்லையே அம்மை!"

"போதும்."

நான்கு மணிக்கு அங்கம்மா முறைக்கு வரவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து, கதவிடுக்கு வழியாக வசுமதியின் கையைத் தரிசனம் பண்ணிக்கொண்டிருந்தாள். செங்கமலம் அழுது முடித்துவிட்டு, இரண்டு ஆள் விறகை ஒரே ஆளாகப் பிளந்துகொண்டிருந்தாள்.

வசுமதிக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. காலை விறகும் கிணறுமாக அவள் செய்தது போக, இரண்டு முறைகளை ஒரே நாளில் தாங்கிய உடம்பு. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் நின்றுகொண்டே இருந்தாள். தாகம் எடுக்கும், எடுக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தாகம் எடுத்தது. அது நன்றாகத் தெரிந்தது. அம்மையின் உதடு மொரமொரவென்று காய்ந்து, நடுவில் ஒரு கோடு வெடித்திருந்தது. நாக்கு வெளியே வந்து உதட்டைத் தடவிவிட்டு உள்ளே போயிற்று. ஆனால் டம்ளரைப் பார்த்தால் மட்டும் வாய் மூடிக்கொண்டது.

அஸ்தமனத்துக்குச் சற்று முன்னால் வசுமதி அம்மையின் புறங்கைத் தோலை நர்ஸ் மாதிரியே கிள்ளித் தூக்கினாள்.

தோல் நின்றது. உட்காரவே இல்லை.

விட்டுவிட்டு ஒவ்வொரு மடக்காக இறங்கியதையெல்லாம் சேர்த்தால், காலையிலிருந்து மொத்தம் இரண்டு டம்ளர். விடிந்தால் வெள்ளிக்கிழமை.

செங்கமலம் விளக்கேற்ற வந்தாள். வாசலிலேயே நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ரெண்டு குடிச்சாங்களா டீச்சர்? அப்ப பத்து ஆயிடுச்சுல்ல?"

வசுமதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி இரண்டும் சடக்கென்றன.

"உள்ளே வா. அங்கம்மாக்காவையும் கூப்பிடு. அந்த மருந்துச் சங்கை எடுத்துக்கிட்டு வா."

*

சங்கு என்பது குழந்தைகளுக்குப் பால் புகட்டுகிற சின்னப் பித்தளைச் சங்கு. அம்மைக்கு மருந்து கொடுக்க வைத்திருந்தது. வசுமதி சொம்பை நிரப்பி, ஒரு வாளியைப் பக்கத்தில் வைத்தாள்.

"செங்கமலம், சொம்புத் தண்ணியைச் சங்காலே அளந்து வாளியிலே ஊத்து. அங்கம்மாக்கா, எண்ணுங்க."

"எதுக்கு டீச்சரம்மா?"

"எண்ணுங்க."

எண்ணினாள். இருபது வந்தது.

"இப்ப செங்கமலம், உன் கிண்ணத்துக்கு எத்தனை சங்கு?"

அளந்தாள். "அஞ்சு."

"மூணு கிண்ணத்துக்கு?"

விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "பதினஞ்சு."

"அங்கம்மாக்கா, உங்க லோட்டாவுக்கு?"

"பத்து."

வசுமதி தன் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

செங்கமலம் ஊற்றினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது சங்குக்கு விளிம்பு தட்டியது. ஐந்தாவதை ஊற்றக் குனிந்தவள் நிமிர்ந்துவிட்டாள். டம்ளருக்கு அடியில் இன்னொரு டம்ளர் ஒளிந்திருக்குமோ என்பது போல எட்டிப் பார்த்தாள்.

"நாலுதான் புடிக்குது டீச்சர்."

"நாலுதான்."

"நீங்க ஒரு டம்ளர்தானே குடுக்குறீங்க?"

"ஒண்ணுதான்."

அங்கம்மா சுவரைப் பார்த்தாள். "அப்ப அந்த அஞ்சு?"

"அஞ்சு டம்ளர் ஊத்தினா சொம்பு காலி. அந்த அஞ்சிலே அம்மை குடிச்சது ஒண்ணு. கீழே இருக்கறது ராசியும் இல்லை, மொத்தமும் இல்லை. எத்தனை துண்டாப் போட்டோம்னு அர்த்தம். ஒரு தோசையை ரெண்டு பேருக்குப் பிய்க்கறதும் அஞ்சு பேருக்குப் பிய்க்கறதும் ஒண்ணா?"

"அஞ்சு பெத்தவகிட்ட அதைக் கேக்கணுமா?" என்றாள் அங்கம்மா. "கருகின ஓரந்தான் மிஞ்சும். இதைச் செவுத்துல தோசையாவே போட்டிருந்தா எங்களுக்கும் வெளங்கியிருக்குமே?"

வேறு நேரமாக இருந்தால் வசுமதி சீறியிருப்பாள். சீறத் தெம்பில்லை.

"வரிசையாச் சொல்றேன், கேட்டுக்குங்க. பதினஞ்சு சங்கு, செங்கமலம். அவ முதல். பத்து சங்கு, நீங்க. ரெண்டாவது. நாலு சங்கு..."

முட்டி போட்ட பிள்ளைகள் இந்த இடத்தில்தான் அழ ஆரம்பிப்பார்கள்.

"நாலு சங்கு, நான். கடைசி. திங்கட்கிழமையிலேர்ந்தே கடைசி. காலையிலே நீங்க கையை எடுத்துக் கண்ணிலே ஒத்திக்கிட்டப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்துட்டேன்."

மாடு ஒரு தரம் கத்தியது.

அங்கம்மா, காலையில் தான் பிடித்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஒரு பகல் பூரா அம்மையைக் காயப்போட்டுட்டீங்களே டீச்சரம்மா," என்றாள்.

"ஆமா."

அங்கம்மா லோட்டாவை எடுத்துக் கட்டிலருகே வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"பதினஞ்சும் பத்தும் நாலும் இருபத்தொன்பது," என்றாள் வசுமதி, சுவரைப் பார்த்துக்கொண்டு. "நர்ஸ் கேட்டது ஒன்றரை சொம்பு. முப்பது சங்கு. நேத்து வரைக்கும் ஒரே ஒரு சங்குதான் குறைஞ்சது. அது என் முறையிலே குறைஞ்சது. இன்னிக்கு எட்டே சங்கு. காலையிலே அந்தப் பொண்ணு வந்து நின்னா என்ன சொல்றதுன்னு தெரியலை."

செங்கமலம் அதற்குள் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டு கட்டில் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஏதோ சாக்கு மூட்டையைத் தூக்குவது போல அம்மையின் தலையைத் தூக்கித் தோளில் சாய்த்தாள். கொஞ்சம் தண்ணீர் ரவிக்கையில் சிந்தியது. அதைப் பற்றி அவளும் கவலைப்படவில்லை, அம்மையும் கவலைப்படவில்லை. மடக் மடக்கென்று சத்தம் வந்தது.

"இன்னொண்ணு?"

"ம்."

இன்னொன்றும் இறங்கியது.

வசுமதி பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம்தான் வந்தது. சந்தோஷத்துக்குப் பின்னாலேயே அந்தப் பழைய குத்தலும் வந்தது. உடம்பு ஓய்ந்தாலும் அது ஓய்வதில்லை.

செங்கமலம் முந்தானையால் அம்மையின் மோவாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, மூன்று நாளாக வசுமதியின் நெஞ்சில் கிடந்து அறுத்த கேள்வியை, பூ முழம் என்ன விலை என்பது போலக் கேட்டாள்.

"ஏன் அம்மை, டீச்சர் குடுத்தா மட்டும் குடிக்க மாட்டேங்கறீங்க? கொதிக்கவச்ச நல்ல தண்ணியாச்சே?"

அம்மை வசுமதியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

இடது கையை மெல்ல நகர்த்தினார். இடுப்புக்குக் கீழே விரித்திருந்த துணியை இரண்டு தரம் தட்டினார்.

பிறகு மூச்சை உள்ளே இழுத்தார். நீளமாக இழுத்தார். சரியாக இருந்த ஒரு தோள் காது வரைக்கும் உயர்ந்தது. ஒரு கணம் அப்படியே நின்றது.

"உஸ்ஸ்ஸ்... ம்ஹூம்."

மூக்கு வழியாக வெளியே வந்தது பெருமூச்சு. அலுத்து, சலித்து, கடைசியில் இரண்டாக உடைந்தது. அறை முழுவதும் சுற்றிவிட்டு அடங்கிற்று.

செங்கமலம் குபுக்கென்று சிரித்துவிட்டாள்.

"அட! டீச்சரேதான்!"

"நானா?" என்றாள் வசுமதி. "நான் எப்ப..."

"துணி மாத்தக் குனியுறப்ப விடுவீங்களே," என்றாள் அங்கம்மா. "கொட்டாய் வரைக்கும் கேக்கும். மணி ரெண்டுன்னு நான் அதை வச்சுத்தானே மாட்டுக்குத் தவிடு கரைக்கிறேன்?"

செங்கமலத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப, குடிச்சா துணி நனையுமேன்னுதானா?"

வசுமதி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. அலமாரியிலிருந்து உலர்ந்த துணி நாலைந்தை அள்ளிக் கட்டிலின் கால்மாட்டில் போட்டாள். டம்ளரை எடுத்தாள். தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"குடிங்க அம்மை."

வாய் திறக்கவில்லை.

அம்மையின் கண் டம்ளரில் இல்லை. வசுமதியின் மூக்கு நுனியில் இருந்தது.

காலையிலிருந்து சேர்ந்த அலுப்பெல்லாம் ஒன்றாகத் திரண்டு, நெஞ்சுக்குழியிலிருந்து ஒரு மூச்சு கிளம்பியது. அது யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை என்பது வசுமதிக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதைப் பிடித்தாள்.

அம்மை பார்த்துக்கொண்டே இருந்தார்.

வசுமதி பிடித்துக்கொண்டே இருந்தாள்.

அம்மையின் வாய் திறந்தது.